விளக்கு இருந்தது

அந்த வலையில் விளக்கு இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் பினாங்கின் அழகு, நாசி கண்டாரின் ருசி என்று வேறெதையாவது பேசித் தப்பித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

2023 ஜனவரி. பங்கோர்த் தீவிலிருந்து பினாங்குக்கு 34 அடிப் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்தோம். படகு அண்ணனுடையது. கூடப் பிறந்தவர் இல்லை; வேலையிடத்தில் எனக்கு மூத்தவர், ஓய்வு பெற்ற பிறகும் அண்ணன்தான். மூன்றாவது ஆள் அவருடைய தங்கை மகன். சுமார் 70 கடல் மைல். 5 நாட் வேகத்தில் 14 மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு, மாலை நான்கு மணிக்கு நங்கூரம் எடுத்தோம். பாய்மரப் படகு என்று பெயரே தவிர, மலாக்கா நீரிணையில் ராத்திரி காற்று செத்துவிடும். இஞ்சினைப் போட்டுக்கொண்டு போவதுதான் வழக்கம்.

இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை காவல் என்னுடையது. ஆட்டோபைலட் படகை ஓட்டும்; நாம் செய்ய வேண்டியது பார்ப்பது மட்டும். 1972-ஆம் ஆண்டின் கடல் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஐந்தாவது விதியை அண்ணன் புது ஆட்கள் எல்லாரையும் மனப்பாடம் செய்ய வைப்பார். எந்த நேரமும் கண்ணாலும் காதாலும் கவனித்துக்கொண்டே இரு என்பது அதன் சாரம். நான் தலைகீழாகச் சொல்வேன்.

கோலா குராவ் பக்கம் வந்தபோது கரையிலிருந்து சிக்னல் ஒரு கோடு எட்டிப்பார்த்தது. கைப்பேசியை எடுத்தேன். குடும்பக் குழுவுக்கு ஒரு செய்தி எழுதத் தொடங்கினேன். கேட்டால் சிரிப்பீர்கள்: நடுக்கடலில் இரவுக் காவல் இருப்பவன் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி. இரண்டு பத்தி. ‘விழிப்பு’ என்ற சொல்லை மாற்றி ‘கண்ணிமைக்காமல்’ என்று போட்டால் நன்றாக இருக்குமா என்று யோசித்ததுகூட நினைவிருக்கிறது.

இடையில் ஒருமுறை தலையைத் தூக்கினேன். வலது முன்பக்கம் பச்சையும் சிவப்புமாக ஏதோ மின்னியது. தூரத்துப் படகு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய்; நினைக்கவே இல்லை. இருட்டுக்குப் பழக கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் வேண்டும், கைப்பேசி வெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். அந்த மின்னல் தூரமா பக்கமா என்று சொல்லும் கண் என்னிடம் அப்போது இல்லை. திரும்பக் குனிந்து பத்தியை முடித்தேன்.

இஞ்சின் முனகியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல் படகு நின்றது. புரொப்பெல்லரில் வலை.

அண்ணன் லுங்கியோடு மேலே ஓடிவந்து இஞ்சினை அணைத்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்.

“லைட் இருந்துச்சா?”

“இல்லண்ணே.”

திட்டமிட்டுச் சொல்லவில்லை. கேள்வி முடிவதற்குள் வாய் சொல்லிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு நான்கு மணி நேரத்துக்கு மேல் அங்கேயே நங்கூரம் போட்டுக் கிடந்தோம். மாற்றிச் சொல்ல அவ்வளவு நேரம் இருந்தது. அண்ணன் லாக் புத்தகத்தைத் திறந்து 02.40 என்று எழுதி, வலை, விளக்கு இல்லை என்று ஆங்கிலத்தில் குறித்தார். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தவன் நான்.

வெளுக்கத் தொடங்கியதும் 63 வயது மனிதர் கத்தியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார். மருமகனை இறங்க விடவில்லை. நான் இறங்குகிறேன் என்று சொன்னேன், அவர் மறுக்கும் தொனியில். அடித்தட்டில் ஒட்டியிருந்த சிப்பிகள் அவர் முதுகைக் கீறி, மேலே வந்தபோது ரத்தம் கோடு கோடாக வழிந்தது.

அந்த நேரத்தில்தான் சம்பான் படகு ஒன்று வந்தது. ஒரு கிழவர், ஒரு பையன். கிழவர் கையில் கொடி கட்டிய கம்பு. அதன் உச்சியில் சின்ன விளக்கு, அந்த வெளிச்சத்திலும் பச்சை, சிவப்பு, பச்சை என்று மின்னிக்கொண்டிருந்தது.

“லம்பு அடா” என்றார். விளக்கு இருக்கிறது. அவ்வளவுதான் சொன்னார்.

இங்கே அண்ணனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய வரைபட மேசையில் ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு ஐம்பது ரிங்கிட் நோட்டுகள் எப்போதும் இருக்கும். வலையை அறுத்தால் கொடுக்க. கடலில் பிழைப்பவனுக்கும் கடலில் பொழுதுபோக்குகிறவனுக்கும் சண்டை வந்தால் பணம் கொடுக்க வேண்டியது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. அப்படிப்பட்டவர் அன்று மலாயில், இப்போது ஏற்றிக்கொண்டு வந்து காட்டாதே, ராத்திரி விளக்கு இல்லை, என் ஆள் பார்த்தான் என்றார். கிழவர் என்னைப் பார்த்தார். நான் கயிறு ஒன்றைச் சுருட்டத் தொடங்கினேன். அது ஏற்கெனவே சுருட்டியிருந்த கயிறு.

அவர்கள் சண்டை போடவில்லை. அறுந்த வலையை இழுத்துச் சம்பானில் போட்டுக்கொண்டு போனார்கள்.

மதியம் 2014-இல் திறந்த இரண்டாவது பாலத்துக்கு அடியில் நுழைந்து, ஜெரெஜாக் தீவின் ஓரம் நங்கூரம் போட்டோம். கப்பலில் வந்த தமிழ்க் கூலிகளை முன்பு தனிமைப்படுத்தி வைத்த தீவு அது. ரஜூலா கப்பலில் வந்த என் தாத்தாவும் அங்கே சில நாள் கிடந்ததாக வீட்டில் சொல்வார்கள். அந்தப் பக்கம் போனால் இந்தக் கதையை யாரிடமாவது அவிழ்த்துவிடுவது என் வழக்கம். அன்று வாய் வரவில்லை.

மாலை ஜார்ஜ் டவுன். லிட்டில் இந்தியாவில் சுற்றினோம். குயின் தெரு மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டியது என்று மருமகனுக்கு விளக்கினேன். உண்டியலில் 50 ரிங்கிட் போட்டேன். நாசி கண்டார் கடையில் வேறு இரண்டு படகுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் நடந்ததைச் சொன்னார். அவர்களும் தங்கள் பங்குக்கு, இந்த மீன்பிடிக்காரர்கள் இப்படித்தான், விளக்குப் போடவே மாட்டார்கள் என்று தலையாட்டினார்கள். ஐந்து பேரின் பில்லையும் நானே கட்டினேன், 84 ரிங்கிட். “இவனுக்கு என்ன ஆச்சு இன்னிக்கு?” என்று அண்ணன் சிரித்தார். இரண்டையும் கூட்டினால் 134. பிளாஸ்டிக் பையில் இருந்தது 100.

அதற்குப் பிறகு இரண்டு முறை அவரோடு போயிருக்கிறேன். இரண்டு மணிக் காவலை எனக்கே தருகிறார். பினாங்கிலிருந்து அடுத்து லங்காவிக்குப் புறப்படும் முன்பே ஒரு பெரிய தேடுவிளக்கு வாங்கி மாட்டிவிட்டார், விளக்கில்லாத வலைகளுக்காக.

இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேனே என்று யாரும் பாராட்டிவிட வேண்டாம். அண்ணன் ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. அது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.