அரை மீட்டர் பச்சை

அம்மாவின் துணிமூட்டைகள் மொத்தம் ஏழு. எல்லாம் வாடிக்கையாளர்களுக்கு ரவிக்கை தைத்து மிஞ்சியவை. 2017 நவம்பர் வெள்ளத்தில் சுங்கை பினாங்கில் எங்கள் தரைவீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். தையல் மெஷினின் மிதி துருப்பிடித்தது, யூ.எஸ்.எம்.மில் நான் எழுதிய குறிப்புகள் கூழாகின. அலமாரிமேல் இருந்த மூட்டைகள் மட்டும் தப்பின. அப்போது எனக்கு அவற்றின்மேல் கோபம்கூட வந்தது.

இப்போது அம்மாவுக்குச் சர்க்கரை கண்ணைத் தொட்டுவிட்டது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. "தூக்கிப் போட்டுடு" என்பார், ஆனால் குப்பைப் பையை நான் எடுத்தால் பின்னாலேயே வருவார். அதனால்தான் போர்வை தைக்கலாம் என்றேன். மலாய்க்காரர்கள் 'காயின் பெர்ச்சா' என்பார்களே, அந்தத் துண்டுத்துணியில்.

நான் பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் எஞ்சினியர். முதலில் கணக்குப் போட்டேன். ஐந்து அங்குலச் சதுரங்கள், வரிசைக்கு 12, மொத்தம் 16 வரிசை. தையலுக்குச் சுற்றிலும் கால் அங்குலம் போனால் ஒவ்வொன்றும் நாலரை. 54க்கு 72 அங்குலப் போர்வை. எடுத்த துணியில் 19 சதவீதம் மடிப்புக்குள் காணாமல் போகும். மூன்று அங்குலமாக வெட்டினால் 30 சதவீதத்துக்கு மேல் போய்விடும். சின்னச் சின்னதாக ஒட்டினால்தான் சிக்கனம் என்று நினைத்திருந்தேன், இல்லை.

கணக்கு சரி, துணிதான் சரியில்லை. ரவிக்கையில் மிஞ்சுவது கழுத்தும் கைக்குழியும் வெட்டிய பிறைகள். அவற்றில் சதுரம் கிடைக்காது; தலையணைக்குள் திணித்தோம். காட்டன் துவைத்தால் சுருங்கும், பாலியஸ்டர் சுருங்காது. இரண்டையும் அப்படியே சேர்த்துத் தைத்தால் முதல் சலவையிலேயே போர்வை அப்பளம் மாதிரி நெளியும். எல்லாவற்றையும் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகுதான் கத்தரி.

ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு இருந்தது, ஆள் பெயரோடு. "உடம்பு போட்டுட்டா பிரிச்சுப் பெருசாக்கக் கேட்பாங்க, அதே துணிக்கு எங்க போறது?" என்றார் அம்மா.

1942இல் சிங்கப்பூர் சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் தைத்த போர்வைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். எத்தல் மல்வேனி என்ற கனடாக்காரர் தொடங்கியது. ஆளுக்கொரு சிறு சதுரம். தன்னைக் காட்டும் ஏதாவது ஒன்றை அதில் எம்ப்ராய்டரி செய்யணும். ஒரு போர்வைக்கு 66 சதுரம், மூன்று போர்வைகள். வேறு முகாமில் இருக்கும் கணவர்களுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பது தெரியட்டும் என்றுதான். அந்தப் பெண்கள் தங்கள் பெயரைத் தைத்தார்கள். அம்மாவின் மூட்டையில் அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை.

ஐந்தாவது மூட்டையில் சீட்டில்லாத ஒரு பொட்டலம். பிரித்தால் கிளிப்பச்சைப் பட்டு, 20க்கு 30 அங்குலம். கணக்குப்படி 24 சதுரம்.

எனக்கு அந்தப் பச்சையைத் தெரியும். 2009 தீபாவளி, எனக்கு 12 வயது. பின்வரிசை வீட்டு அக்கா எங்கள் வாசலில் நின்று, ஒன்றரை மீட்டர் கொடுத்தேன், மீதி அரை மீட்டர் எங்கே என்று கத்தினார். அம்மா சாமி படத்தின்மேல் சத்தியம் செய்தார். அப்பா அந்த அக்கா புருஷனிடம் கைகலப்பு வரைக்கும் போனார். அந்த அக்கா மகள் என் வகுப்புதான். மறுநாள் பள்ளியில் எல்லார் முன்னாலும், "ஒங்கம்மா பொய்க்காரி" என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவளோடு பேசவே இல்லை.

துணியை அம்மா கையில் கொடுத்தேன். விரலால் ஓரத்தைத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார்.

"இத வெட்டாத."

"ஏன்மா?"

"ஒனக்குப் பாவாடை தைக்கலாம்னு எடுத்து வச்சேன். அந்த வருஷந்தான அப்பாவ ஃபேக்டரில நிறுத்துனாங்க. வெட்டிட்டேன்னா அவ கண்ணுல படும். திருப்பிக் குடுத்தா நான் திருடின்னு ஆயிடும். அப்படியே கெடந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? என் கோபமெல்லாம் அம்மாமேல் இல்லை, அந்த 12 வயதுப் பெண்மேல்தான். அவ்வளவு சத்தமாக அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

192இல் 24 போனால் 168. 14 வரிசையோடு நிறுத்திவிட்டேன். நீளம் 63 அங்குலம்தான்; அம்மா குள்ளம், கால் மூடுகிறது.

அந்த அக்கா இப்போது மகளோடு பட்டர்வொர்த்தில் இருக்கிறார். நம்பர் கிடைத்துவிட்டது. நேற்றிரவு அம்மாவிடம், "சனிக்கிழமை போகலாம், நீயும் வா" என்றேன்.

போர்வையை இழுத்து மூடிக்கொண்டு திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார் என்று விளக்கை அணைக்கப் போனேன்.

"அவளுக்கு இப்ப அளவு மாறியிருக்கும். டேப்ப எடுத்துக்க."