மார்கழியில் ஒரு மதியக் கச்சேரி

தமிழ்நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று டில்லிக்குப் போய் வந்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்! மார்கழி மாதத்து விடியற்காலையில் விழுப்புரம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். மப்ளரும் சால்வையுமாகப் பிளாட்பாரமே காசி யாத்திரைக்குக் கிளம்பியது போல் இருக்கும்.

அங்கிருந்து எழும்பூர் சுமார் 160 கிலோமீட்டர். காலையில் போய் இரவே வீடு திரும்பிவிடலாம். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு நாள் சென்னையில் தங்க எத்தனை பேரால் முடிகிறது? ஒரு பகல் கிடைத்தாலே பெரிய காரியம்!

ஜன்னலோரம் இடம் பிடியுங்கள். திண்டிவனம் வரை தூங்கினாலும் பாதகமில்லை. மதுராந்தகம் தாண்டிப் பாலாற்றுப் பாலம் வரும்போது எழுந்துவிட வேண்டும். செங்கற்பட்டில் கொளவாய் ஏரியை ஒட்டி வண்டி போகும். தண்ணீர் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. தாம்பரத்திலிருந்து, 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பாதை. வண்டி மாம்பலத்தில் நின்றால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். ரங்கநாதன் தெருவில் கால் வைத்தால் பகல் முழுவதும் அங்கேயே தீர்ந்துவிடும்.

எழும்பூர் ஸ்டேஷனின் சிவப்புக் கட்டடம் 1908-ஆம் வருஷத்தது. பக்கத்திலேயே மியூசியம், வெள்ளிக்கிழமை விடுமுறை. வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராஜரை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடியுங்கள். மத்தியானம் மியூசிக் அகாடமிக்குப் போயாக வேண்டும்.

"மத்தியானமா? பெரிய வித்வான்கள் ராத்திரிதானே பாடுவார்கள்?" என்பீர்கள். உண்மைதான். அவர்கள் பல்லவியை எடுக்கும் நேரத்தில் நாம் ரயிலில் இருப்போம். மதியக் கச்சேரிதான் நம் பங்கு. அதற்குப் பொதுவாக டிக்கெட்டும் கிடையாது.

நேருஜி 1955-ல் அஸ்திவாரக் கல் நாட்டி, 1962-ல் திறக்கப்பட்ட மண்டபம் அது. உள்ளே மறுபடி சால்வை தேவைப்படும். சென்னையின் நிஜமான குளிர்காலம் அந்த ஏர்கண்டிஷன் ஹாலுக்குள்தான் இருக்கிறது!

மேடையில் ஓர் இளம் பெண். பக்கத்தில் வயலின், மிருதங்கம், அவர்களும் சிறுசுகளே. ஹாலில் முக்கால்வாசி நாற்காலிகள் காலி. முன்வரிசையில் குருவும் தாயாரும். நாலு வரிசை தள்ளி ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். ரஸிக்கிறாரா, தூங்குகிறாரா என்பது அவருக்கே வெளிச்சம். மற்றவர்கள்? காண்டீனில் சாம்பார் வடைக்கு எதிரே இருக்கிறார்கள்.

அந்தப் பெண் பத்துப் பன்னிரண்டு வருஷம் விடியற்காலையில் சாதகம் செய்திருப்பாள். இந்த மதியத்திலிருந்து மாலைக் கச்சேரிக்கு ஏற இன்னும் பல வருஷம் ஆகலாம். நடுவில் கல்யாணம், குழந்தை, வேலை மாற்றம் என்று எதுவும் குறுக்கே வரலாம். அது நமக்குத் தெரியாததா? 1928-ல் தோன்றிய இந்த அகாடமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது 1968-ல்தான். எம். எஸ். சுப்புலக்ஷ்மிக்கு! அதற்கு நாற்பது வருஷம் ஆயிற்று. இரண்டு வருஷம் கழித்து டி. கே. பட்டம்மாளுக்கு.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னால் போய் உட்காராதீர்கள். மூன்றாவது, நாலாவது வரிசைக்கு வாருங்கள். அவள் ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தைத் தொட்டு நிற்கும்போது உங்கள் தலை அசைவது அவள் கண்ணில் படட்டும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதி ஹால் எழுந்து நடக்கும். நீங்கள் எழுந்திருக்காதீர்கள். மிருதங்கப் பையனுக்குக் கிடைக்கும் பத்து நிமிஷம் அதுதான். தாளம் தெரியாவிட்டால் என்ன? பக்கத்து மாமியின் கையைப் பார்த்துப் போடுங்கள். எல்லோரும் அப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்!

மங்களம் முடிந்ததும் காண்டீனுக்குப் போகலாம், இப்போது தப்பில்லை. காப்பி சுடச்சுட வரும். மேடைப் பெண்ணும் தாயாரும் அங்கே வந்தால், "கல்யாணி பிரமாதம், அம்மா!" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்ன ராகம் என்று நிச்சயமில்லாவிட்டால், "பிரமாதம்" மட்டும் போதும்.

திரும்பும் வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். சாயங்காலம் மவுண்ட் ரோடு நெரிசல் யாருக்காகவும் விலகி வழிவிடாது.