பத்மினிக்கு ஓர் அங்குலம்

பொங்கல் கழிந்த திங்கள்

கோவை சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறை. வேப்பமர நிழலில் 1978 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்று நிற்கிறது. பெயின்ட் புதிது, குரோம் பளபளக்கிறது, சீட் உறைகூட மாற்றியாகிவிட்டது. உரிமையாளருக்கு இன்னும் ஒரே ஒரு குறை. முன்சக்கரத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் நடுவே தெரியும் இடைவெளி.

"ஸ்பிரிங்ல ஒரு சுத்து அறுத்து விட்டுருங்கண்ணா. பார்க்க கெத்தா இருக்கும்."

"அறுக்கறது அரை மணி நேர வேலைங்க தம்பி," என்கிறார் மேஸ்திரி. "அறுத்ததை ஒட்ட வைக்கத்தான் எனக்குத் தெரியாதுங்க."

இத்தாலியின் ஃபியட் 1100டி என்ற காரை 1964 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் தயாரித்தது. 1974-இல் அதற்குப் பத்மினி என்று சித்தூர் ராணியின் பெயர் வந்தது. மும்பையில் கறுப்பு-மஞ்சள் டாக்சியாக ஓடிய கடைசி பத்மினிகள் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றன. அதிலிருந்து பத்மினி வைத்திருப்பவர்களின் நடையே கொஞ்சம் மாறிவிட்டது. வண்டியின் அடிப்பாகம் எளிமையானது. முன்னால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு கைகள், காயில் ஸ்பிரிங். பின்னால் முழு அச்சு, அதைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்.

புதன்

இன்று அறுப்பதும் இல்லை, கழற்றுவதும் இல்லை. அளப்பது மட்டும்தான்.

தரையிலிருந்து மட்கார்டு வரை அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். அதனால் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் பிடிக்கிறார் மேஸ்திரி. வலது முன் மூலை இடதைவிட 8 மி.மீ. தாழ்ந்திருக்கிறது. ஓட்டுநர் இருக்கை அந்தப் பக்கம்தான். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலும் ஒற்றை ஆளைச் சுமந்த ஸ்பிரிங் அவர் பக்கமே தொய்ந்திருக்கிறது. வண்டியை இறக்கச் சொல்லி வந்தவருக்கு, அது ஏற்கெனவே கொஞ்சம் கோணலாக இறங்கியிருப்பது இப்போதுதான் தெரிகிறது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். மூலையில் கையை ஊன்றி அழுத்திவிட்டுச் சட்டென்று எடுக்கிறார். நல்ல ஷாக் என்றால் வண்டி மேலே வந்து, லேசாகத் தாண்டி, அடங்கிவிடும். இது தொட்டில் மாதிரி ஆடுகிறது. பின்பட்டைகள் நடுவில் துரு ஏறி, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. பட்டையின் நுனியைப் பிடிக்கும் ஷேக்கிளின் ரப்பர் புஷ்கள் வெடித்திருக்கின்றன. முதலில் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும், இறக்குவதெல்லாம் அப்புறம் என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறார். உரிமையாளர் முகம் சுருங்குகிறது.

ஞாயிறு

பட்டறைக்கு வந்த நண்பர்கள் பேச்சு பந்தயத்துக்குத் திரும்புகிறது. கோவையில் இந்தப் பேச்சு எப்படியும் கரிவரதனில்தான் போய் நிற்கும். 1995-இல் விமான விபத்தில் மறைந்த அந்தப் பந்தயக்காரரின் பெயரில்தான் செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறைக்குச் சோழவரம். சென்னைக்கு வடக்கே, பழைய விமான ஓடுதளத்தில், ஃபியட்டுகளும் பாய்ந்த காலம் அது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்ததும் சோழவரம் நினைவாகிவிட்டது. பந்தய வண்டியெல்லாம் தரையோடு தரையாகத்தானே இருந்தது என்பது உரிமையாளரின் வாதம்.

இருந்தது, காரணத்தோடு இருந்தது. வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரங்களின் பாரம் வெளிப்பக்கத்துக்கு மாறும். ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரமோ அவ்வளவு அதிகம் மாறும். 900 கிலோ வண்டி, சக்கரங்களுக்கு இடையே 1.23 மீட்டர், ஈர்ப்பு மையம் 55 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு விசையில் பாதி அளவுக்குப் பக்கவாட்டில் தள்ளும் ஒரு வளைவில் சுமார் 201 கிலோ பாரம் இடம் மாறும். வண்டியை ஓர் அங்குலம் இறக்கினால் அது 192 ஆகும். மிச்சம் ஒன்பதே கிலோ! பந்தயத்தில் ஒன்பது கிலோவுக்கும் மதிப்பு உண்டு. காந்திபுரம் சிக்னலில் யாருக்கும் தெரியாது. இறக்கிய பிறகு வண்டி ஒட்டிக்கொண்டு ஓடுகிறது என்று சொல்பவர்களில் பலர், அதே சமயத்தில் போட்ட புது ஷாக்குக்கும் புது புஷ்ஷுக்கும் சேர வேண்டிய பாராட்டைத்தான் உயரத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. இரட்டைக் கை அமைப்பில் வண்டியை இறக்கும்போது கைகளின் சாய்வு மாறும். வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையம் இறங்கியதைவிட அதிகமாகவே இறங்கிவிடக்கூடும். அப்போது ஸ்பிரிங்கை மாற்றாமல் இறக்கிய வண்டி வளைவில் முன்னைவிடக் கூடுதலாகச் சாயும்.

மாசி, முதல் வாரம்

புது புஷ், புது ஷாக் எல்லாம் போட்டாயிற்று. பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசி மறுபடி கட்டியிருக்கிறார்கள். ஷேக்கிள் போல்ட்டை வண்டி தூக்கில் இருக்கும்போது முறுக்காமல், சக்கரம் தரையில் நின்று முழு எடையும் ஏறிய பிறகே முறுக்கினார் மேஸ்திரி. தூக்கில் முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே வாழ்ந்து சீக்கிரம் கிழியும். பல பட்டறைகளில் தவறவிடும் சின்ன விஷயம் இது.

இப்போது ஸ்பிரிங். அலமாரியின் அடியில், யாரோ எப்போதோ அறுத்துவிட்டுப் போன பத்மினி ஸ்பிரிங் ஒரு ஜோடி கிடக்கிறது. "இதை மாட்டித் தர்றேன், ஓட்டிப் பாருங்க. அப்புறமா உங்க ஸ்பிரிங்கைப் பத்திப் பேசலாம்," என்கிறார்.

அவினாசி ரோட்டின் புதிய ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் அறுபதில் போகும்போது குறை வெளிப்படுகிறது. பாலத்தின் இணைப்புகள் ஒவ்வொன்றிலும் வண்டி முன்னும் பின்னுமாகத் தலையாட்டுகிறது. ஒரு ஆட்டம் அடங்குவதற்குள் அடுத்த இணைப்பு வந்துவிடுகிறது. முன்சீட்டில் இருந்த நண்பர் இறங்கியதும் முதலில் கேட்டது சோடா.

இதன் காரணத்தைச் சொன்னவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸில் இருந்து அமெரிக்கா போய், 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் சஸ்பென்ஷனை ஆராய்ந்த பொறியாளர். சாலை மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுப் பொறுத்தே ஏறும். பத்மினியின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே 2.34 மீட்டர். அறுபதில் போனால் அந்தத் தாமதம் ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு. முன்புறம் மெதுவாகவும் பின்புறம் சற்று வேகமாகவும் ஆடினால், பின்னால் கிளம்பிய ஆட்டம் முன்னால் கிளம்பியதை எட்டிப்பிடித்துவிடும். வண்டி தலையாட்டாமல் மொத்தமாக ஏறி இறங்கும். அதற்காகத்தான் சாதாரணக் கார்களில் முன்ஸ்பிரிங் மெத்தென்று இருக்கிறது.

ஸ்பிரிங்கை அறுப்பது இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. காயில் ஸ்பிரிங்கின் கடினம் வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதம். எட்டுச் சுற்றில் ஒன்றை அறுத்தால் மீதி ஏழு. ஸ்பிரிங் 14 சதவீதம் விறைக்கும், முன்புறத்தின் ஆட்ட வேகம் சுமார் 7 சதவீதம் ஏறும். பின்புறம் இருந்த இடத்திலேயே இருக்கும். அதோடு, ஸ்பிரிங் கையின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் அங்கே குறைத்த ஒவ்வொரு மி.மீ.யும் சக்கரத்தில் பெருகித்தான் தெரியும். ஒரு சுற்று என்று நினைத்து அறுத்தவர்கள் சைலன்சரைச் சாலையில் உரசவிடுவது அதனால்தான். கேஸ் வைத்துச் சூடேற்றி ஸ்பிரிங்கை உட்காரவைப்பது இதைவிட மோசம். சுட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். அது எங்கே நிற்கும், எப்போது முறியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மாசி, சிவராத்திரிக்கு மறுநாள்

கண்விழித்த களைப்போடு எல்லோரும் வந்திருக்கிறார்கள். வேலை மட்டும் நன்றாக நடக்கிறது.

புது ஸ்பிரிங் சுற்றி வந்துவிட்டது. இதில் கணக்கு நுட்பமானது. ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மி.மீ. கம்பிக்குப் பதில் 12.5 போட்டால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், கிட்டத்தட்ட 18 சதவீதம் விறைப்பு கூடும். அரை மி.மீ.தானே என்று கடையில் இருக்கும் கம்பியை எடுத்துச் சுற்றுகிறவரிடம் போகக் கூடாது. உரிமையாளர் வேண்டியது ஓர் அங்குல இறக்கம், விறைப்பில் சின்ன உயர்வு மட்டும். அதற்கேற்பச் சுற்றின் எண்ணிக்கையைச் சற்றே குறைத்து, சும்மா வைத்தால் இருக்கும் நீளத்தையும் குறைத்துச் சுற்றியிருக்கிறார்கள். பழைய ஸ்பிரிங் இரண்டும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வீட்டுப் பரணுக்குப் போகின்றன.

பரணுக்கு அனுப்பச் சொன்னதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. 2021-இல் வந்த விதிகளின்படி ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டி, பெரிய மாற்றமின்றி மூல வடிவில் இருந்தால்தான் விண்டேஜ் பதிவு. இந்த 1978 பத்மினிக்கு ஐம்பது நிறைவது 2028-இல். ஓர் அங்குல ஸ்பிரிங் மாற்றத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. எது எப்படியானாலும், ஒரு நாளில் மூல நிலைக்குத் திருப்ப முடிகிற மாற்றம்தான் பழைய வண்டிக்குத் தகும்.

பின்பட்டை இரண்டும் லாரிப் பட்டை கட்டும் கடைக்குப் போய் வளைவு குறைந்து திரும்பியிருக்கின்றன. ஒரு பட்டையைக் கழற்றிவிட்டாலும் வண்டி இறங்கும்தான். ஆனால் பின்புறம் தொளதொளத்துப்போகும், மேம்பாலத் தலையாட்டலுக்குக் கேட்கவே வேண்டாம். பட்டைகளின் எண்ணிக்கை குறையாமல் வளைவு மட்டும் குறைந்தால் கடினம் பெரிதாக மாறாது.

அடுத்த சனி

அலைன்மென்ட். பக்கத்துத் தெருவிலேயே கம்ப்யூட்டர் அலைன்மென்ட் இருக்கிறது. மேஸ்திரி நூல் கட்டுகிறார்.

வண்டியின் இருபுறமும் அதன் நடுக்கோட்டுக்கு இணையாக நைலான் நூல். ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நூலிலிருந்து உள்ள தூரத்தைக் கழித்தால் டோ, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, தெரிந்துவிடும். சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வான கேம்பருக்குத் தூக்குக்குண்டு. 14 அங்குல ரிம்மில் மேலுக்கும் கீழுக்கும் 6 மி.மீ. வித்தியாசம் என்றால் ஏறக்குறைய ஒரு டிகிரி. இதற்கெல்லாம் திரை வேண்டாம், பொறுமை வேண்டும்.

ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு ஜாக்கியால் சக்கரத்தை மேலும் கீழும் ஏற்றி இறக்கி, டோ எப்படி மாறுகிறது என்றும் பார்க்கிறார். கைகள் வரையும் வில்லும் ஸ்டீரிங்கோடு சக்கரத்தை இணைக்கும் டை ராடு வரையும் வில்லும் பொருந்தவில்லை என்றால், மேட்டில் ஏறும்போது ஸ்டீரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். ஓர் அங்குலம் வரை சமாளிக்கலாம். இரண்டு அங்குலம் இறக்கிய வண்டிகள் சாலையில் அலைபாய்வதற்கு இதுவே முக்கியக் காரணம். ஹெட்லைட்டையும் மறுபடி சுவரில் அடித்துச் சரிபார்க்கிறார்கள். பக்கத்துக் கடை டீ மூன்று முறை வந்து போய்விட்டது.

சாயங்காலம் வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. பத்மினியின் அச்சிடைவெளி அந்த அகலத்தைவிடக் குறைவு. கணக்குப் போட்டால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் தடை எழும்புவது 4 செ.மீ.தான். விதிப்படி கட்டியதில் வண்டி உரசாமல் போய்விடும். தெருக்காரர்கள் ராவோடு ராவாக சிமென்ட் கொட்டி எழுப்பும் ஓரடி அகலத் தடைக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. அங்கே கோணலாக ஏற்றி, ஒவ்வொரு சக்கரமாக இறக்குவதுதான் ஒரே வழி. சைலன்சர் இன்று தப்பித்தது.

பங்குனி உத்திரம்

குடும்பம் முழுவதும் பழனிக்குப் புறப்பட்டது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், டிக்கியில் சோற்று மூட்டையும் தண்ணீர்க் கேனும். பொள்ளாச்சி வரை பிரச்சினை இல்லை. வண்டி நேராக ஓடுகிறது, வளைவில் சாய்வு குறைந்திருக்கிறது, மேம்பாலத்தில் வந்த தலையாட்டல் போயே போய்விட்டது. உடுமலை தாண்டியதும் ஒரு பாலத்தின் ஏற்றத்தில் பின்னால் 'டங்' என்று ஓசை. பின்சீட்டில் இருந்த அம்மா, "வண்டியை இறக்கச் சொன்னா, இடுப்பையே இறக்கிட்டீங்களேடா," என்றார்.

அச்சு பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டிய ஓசை அது. பட்டறையில் எல்லாச் சோதனையும் ஓட்டுநர் ஒருவரோடு நடந்தது. ஐந்து பேரும் மூட்டையும் ஏறியதும் பின்புறம் மேலும் இறங்கி, ஸ்பிரிங் அமுங்க மிச்சம் இருந்த இடத்தைச் சாப்பிட்டுவிட்டது. பழைய உயரத்தில் இந்த ஓர் அங்குலம் இருந்தது, அதை எடுத்தாகிவிட்டது.

"பின்னால அரை அங்குலம் ஏத்திருவோங்க," என்கிறார் மேஸ்திரி போனில். "பட்டையைத் திரும்பக் கட்டக் கொடுக்கணும். முன்னால கை வைக்க வேண்டாம்."

"அப்ப பார்க்க முன்னால குனிஞ்ச மாதிரி இருக்காதாண்ணா?"

"இருக்குங்க. ஃபோட்டோ எடுக்கிற அன்னைக்கு டிக்கியில ரெண்டு சிமென்ட் மூட்டை போட்டுக்கங்க."

பட்டைகள் செவ்வாய்க்கிழமை கடைக்குப் போகின்றன. பழைய யூ போல்ட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம், புதிது நான்கு வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.