குடமும் வளையமும்

மாட்டு வண்டிச் சக்கரத்தின் நடுவே ஆரக்கால்கள் வந்து கூடும் உருண்டைக் கட்டையைக் குடம் என்பது தமிழ் வழக்கு. வண்டிகள் மறைந்த பின்னும் அச்சொல் மறையத் தேவையில்லை. மோட்டார் காரின் சக்கரத்துக்கும் ஒரு குடம் உண்டு. மரத்திற்குப் பதில் இரும்பு, அவ்வளவே.

1993-இல் வெளிவந்த புரோட்டோன் வீரா காரில் அக்குடத்தின் நடு விளிம்பு 56.1 மில்லிமீட்டர் விட்டமுடையது. கடைகளில் விற்கும் அலுமினிய ரிம்கள் பலவற்றின் நடுத்துளையோ 73.1 மில்லிமீட்டர். ஒரே ரிம்மைப் பலவகைக் கார்களுக்கும் விற்க வேண்டுமே என்று துளையைப் பெரிதாக விட்டுவிடுகின்றனர். இடையில் நிற்பது பக்கத்துக்கு எட்டரை மில்லிமீட்டர் வெற்றிடம். சக்கரத்தை நடுவில் நிறுத்தும் பொறுப்பு முழுவதும் அப்போது நான்கு மரைகளின் தலையில் விழுகின்றது. அவற்றைக் கோணலாக இறுக்கினால், நெடுஞ்சாலையில் வேகம் கூடும்போது ஸ்டீயரிங் கையில் நடுங்கத் தொடங்கும். இவ்வெற்றிடத்தை நிரப்ப ஒரு வளையம் வேண்டும். உரிய அளவில் கடையில் கிடைக்காதபோது, கார் உரிமையாளர் லேத் பட்டறையை நாடுகிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழருக்கும் கடைசல் தொழிலுக்கும் உள்ள உறவு பழையது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவரை 1886-இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. பின்னர்ச் செந்தூலில் இரயில்வேயின் பெரும் பட்டறை எழுந்தது. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளிலும் செந்தூலிலும் வாழ்ந்த தமிழர்களுள் டர்னர், பிட்டர் என்ற ஆங்கிலப் பெயர்களோடு அத்தொழிலைக் கற்றவர் பலர். கல்லூரிக் கல்வியன்று அது. பக்கத்தில் நின்று பார்த்துப் பெற்ற கல்வி.

அத்தகைய கைப்பழக்கமுள்ள முதியவரிடம், "அண்ணே, இந்த அளவுக்கு நாலு வளையம் வேண்டும்" என்று ஓர் இளைஞர் துண்டுத் தாளை நீட்டினால், அவர் தாளைப் பார்ப்பதற்கு முன் காரைப் பார்ப்பார். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, குடத்தின் விளிம்பில் மூன்று திசைகளில் வெர்னியரை வைத்து அளப்பார். ரிம்மின் துளையையும் அவ்வாறே அளப்பார்; பெட்டியின்மேல் அச்சிட்ட எண் அவருக்குப் பொருட்டன்று. பூசிய சாயமும் இடம் பிடிக்குமன்றோ? பின்னர், "தம்பி, இதன் அடி மூலை வளைந்திருக்கிறது பார். உன் தாளில் அது இல்லையே" என்பார்.

உயிர்ப் பொறுப்பு அம்மூலையில்தான் இருக்கிறது. விளிம்பு குடத்தின் தட்டை முகத்தோடு சேரும் இடம் கூரிய மூலையாக இராது. சற்றே வளைந்து இறங்கும். வளையத்தின் உள்முனையை அதற்கு ஏற்பச் சரித்துக் கடையாவிட்டால், வளையம் அடிவரை இறங்காமல் வளைவில் ஏறி நிற்கும். வளையத்தின் கனமும் மிகுந்திருந்தால், ரிம்மும் தட்டை முகத்தில் படியாமல் இம்மி விலகி நிற்கும். மரைகள் இறுகிவிட்டது போலத் தோன்றும். ஓட ஓட நெகிழும். நடுக்கத்தைத் தீர்க்கச் செய்த வளையமே சக்கரம் கழன்றோட வழி வகுத்துவிடும்.

கணினி வழி இயங்கும் கடைசல் எந்திரம் இக்கேள்வியைக் கேட்பதில்லை. நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நுட்பத்தோடு, வரைபடத்தில் உள்ள பிழையையும் அப்படியே கடைந்து தருகிறது. அதனைப் பழிப்பது முறையன்று, சொன்னதைச் செய்தது. முன்பு டர்னரின் கண் நிரப்பிய இடத்தை இப்போது வரைபவரின் கை நிரப்ப வேண்டும். விட்டம் இவ்வளவு என்று எழுதினால் போதாது. எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்றும் எழுத வேண்டும். அலுமினிய வளையம் சூட்டில் இரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். பிரேக்கின் வெப்பத்தால் 50 பாகை சூடேறினாலே இந்த 56 மில்லிமீட்டர்த் துளைக்கும் இரும்பு விளிம்புக்கும் இடையே 0.03 மில்லிமீட்டர் இடைவெளி புதிதாகத் தோன்றும். தலைமுடியின் பருமனுக்கும் குறைவுதான். ஆயினும் குளிர்ந்த நிலையிலேயே தொளதொளவென்று கடைந்திருந்தால் அதற்குமேல் இதுவும் சேரும்.

உருள்பெருந்தேரின் அச்சாணியைப் புகழ்ந்த வள்ளுவர், அக்குறளில் அதை அடித்துக் கொடுத்த கொல்லனைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. தேர் ஓடியதால் கூற வேண்டிய தேவை எழவில்லை போலும்.

பட்டறைக்காரர் மறுக்கும் வேலைகளும் உண்டு. நிரப்பும் வளையத்தைக் கடைந்து தருபவர், ஸ்டீயரிங் தண்டையோ பிரேக் தாங்கியையோ வெறும் மாதிரியைப் பார்த்துச் செய்து தர மறுப்பாராயின், அவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை. அம்மாதிரி எந்த உலோகத்தால் ஆனது, எவ்வாறு சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது என்பதை வெர்னியர் காட்டாது. மறுக்கத் தெரிந்தவரிடம் மற்ற வேலையை நம்பிக் கொடுக்கலாம்.

நான்கு வளையங்கள் கேட்டவருக்கு அவர் முதலில் ஒன்றையே கடைவார். அதைக் குடத்தில் பொருத்தி, ரிம்மின் உட்புறத்தில் மெல்லச் சாயம் தடவி, மாட்டிக் கழற்றுவார். தட்டை முகம் முழுவதும் சாயம் ஒட்டியிருந்தால் தலையசைப்பார். ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தால் வளையம் மீண்டும் லேத்துக்குப் போகும். மற்ற மூன்றுக்குரிய அலுமினியக் கட்டை அதுவரை வெட்டப்படாமல் மேசையின்மேல் கிடக்கும்.