ரெண்டாவது பிராசசர் எங்கே போச்சு?



"ஆண்டு விழா வீடியோ எப்போ டீச்சர் போடுவீங்க?" என்று ரெண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். தாமதத்துக்குக் காரணம் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1999 ஆண்டு விழாவை மூன்று வீடியோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தோம் அல்லவா? பீரோவில் பூஞ்சை பிடிக்கும் முன் அதை நாமக்கல்லில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி வாங்கி வந்தேன். ஆனால் ஒவ்வொரு கோப்பும் மலை மாதிரி. உங்கள் கைபேசியில் பார்க்கும் அளவுக்குச் சுருக்க வேண்டும். நம் ஊர் வீடியோவில் ஒரு வினாடிக்கு 25 படம். மூன்று மணி நேரம் என்றால் 2,70,000 படம். அத்தனையையும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுச் சுருக்க வேண்டும். என் பழைய கம்ப்யூட்டர் பாதி கேசட்டிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டது.

இதைக் கேள்விப்பட்ட நம் பழைய மாணவர் ஒருவர், பெங்களூரில் தன் அலுவலகத்தில் கழித்துக் கட்டிய பெரிய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி லாரியில் போட்டு அனுப்பிவிட்டார். "டீச்சர், இதில் ரெண்டு பிராசசர் இருக்கு. பறக்கும்" என்றார்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் பிராசசர் ஒன்றுதான் இருக்கும். இப்போது அந்த ஒன்றுக்குள்ளேயே கோர் என்று பல பேர் வேலை செய்கிறார்கள். இந்தப் பெட்டியில் அப்படிப்பட்ட பிராசசர் ரெண்டு, தனித்தனி இருக்கையில். ஒவ்வொன்றிலும் 6 கோர். ஒரு கோர் ஒரே நேரத்தில் ரெண்டு வேலையைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொன்றும் 12 பேராகக் கணக்கு, மொத்தம் 24. இரட்டை மாடு பூட்டிய வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தம்பி மகன் வந்து, கையிலிருந்த உரிமத்தை வைத்து விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தான். ஓட்டிப் பார்த்தேன். போகிறது, ஆனால் பறக்கவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சாக்கெட் 1, கோர் 6, லாஜிக்கல் பிராசசர் 12 என்று காட்டுகிறது. ஒரு மாடு வண்டியை இழுக்கிறது, இன்னொன்றைக் காணோம்!

நானே சரி செய்கிறேன் என்று இறங்கினேன். ஒரு வீடியோவில் சொன்னபடி எம்எஸ்கான்ஃபிக் போய், பூட் பகுதியில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸைத் திறந்தேன். "பிராசசர்களின் எண்ணிக்கை" என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்குத்தான் ரெண்டு பிராசசர் ஆயிற்றே! டிக் அடித்து 2 என்று போட்டு மறுபடி ஆன் செய்தேன். கம்ப்யூட்டர் முன்பைவிட மோசமாகிப் படுத்துவிட்டது. 33 வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் செய்த வேலை இது. சிரித்துக்கொள்ளுங்கள்.

தம்பி மகன் நாமக்கல்லில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போன் செய்தான். மறுநாள் ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்து இறங்கினாள். முப்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, "டீச்சர், என்னைத் தெரியுதுங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. அவள் தன் அண்ணன் பெயரைச் சொன்னாள். அவனை உடனே தெரிந்தது. "அட, அவன் தங்கச்சியா கண்ணு நீ!" என்றேன். (ரெண்டு பேர் பெயரையும் போட வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். போடவில்லை.)

அவள் வேலை செய்த விதத்தை நம் ஆசிரியர் பயிற்சியிலேயே பாடமாக வைக்கலாம். முதலில் எதையும் மாற்றவில்லை. "காணாமப் போன பொருளை எங்க வரைக்கும் பாத்தோம், எங்கிருந்து காணோம்னுதானுங்க டீச்சர் தேடோணும்" என்றாள்.

மூடியைக் கழற்றினாள். ரெண்டு விசிறியும் சுற்றின. பிறகு மின்சாரத்தைத் துண்டித்துத் தொட்டுப் பார்த்தாள். ரெண்டாவதன் மேலும் மெல்லிய சூடு. ஆக, பொருள் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. அடுத்து பயாஸ். விண்டோஸ் விழிக்கும் முன்னாலேயே கம்ப்யூட்டர் தன் உறுப்புகளை எண்ணிப் பார்க்கும் இடம் அது. அங்கே ரெண்டு பிராசசரும் வரிசையாக நின்றன. ஆக, பெட்டிக்குத் தெரிகிறது. அதற்கு மேலேதான் எங்கேயோ தொலைகிறது.

பிறகு நான் டிக் அடித்த கட்டத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்தக் கட்டம் வேகத்தைக் கூட்ட அல்ல, "இத்தனை பேருக்கு மேல் கூப்பிடாதே" என்று கட்டுப்படுத்த. அது எண்ணுவதும் பிராசசரை அல்ல, அந்த 12 பேரை. நான் 2 என்று போட்டதால் 10 பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்! டிக்கை எடுத்ததும் 12 பேரும் திரும்பினார்கள். ஆனால் ரெண்டாவது பிராசசர் இன்னும் வரவில்லை.

கடைசியாக செட்டிங்ஸில் "அபவுட்" பக்கத்தைத் திறந்து ஒரு சொல்லைக் காட்டினாள். ஹோம்.

"இதுதானுங்க டீச்சர். விண்டோஸ் ஹோம் பதிப்பு ஒரு சாக்கெட்டுக்கு மட்டுந்தான். புரோ பதிப்புன்னா ரெண்டு. ரெண்டாவது ஆள் உள்ளேதான் உக்காந்திருக்கு. இதோட கணக்குல அது இல்லை, அவ்வளவுதான்."

ஒரு பென் டிரைவைச் செருகி லினக்ஸை ஓட்டினாள். கறுப்புத் திரையில் எல்எஸ்சிபியு என்று ஒரு கட்டளை. சாக்கெட் 2, சிபியு 24. பெட்டி அதேதான். ஒரு திருகைக்கூட மாற்றவில்லை.

பிறகு நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். விண்டோஸ் 95, 98 இரண்டுக்கும் ஒரு பிராசசருக்கு மேல் பார்க்கவே தெரியாது. 2001இல் எக்ஸ்பி வந்தபோதும் ஹோமுக்கு ஒன்று, புரொஃபஷனலுக்கு ரெண்டு என்றுதான் பிரித்தார்கள். லினக்ஸ் 1996இல் வந்த 2.0 பதிப்பிலேயே பல பிராசசரைச் சேர்த்து ஓட்டக் கற்றுக்கொண்டது. நம் நாட்டிலும், 1991இல் புனேயில் சி-டாக் நிறுவனம் பரம் 8000 என்ற சூப்பர் கம்ப்யூட்டரைச் செய்தது சின்னச் சின்ன பிராசசர்களைக் கூட்டுச் சேர்த்துத்தான். அதே சி-டாக்கின் சென்னைப் பிரிவு செய்ததுதான் பாஸ் லினக்ஸ்.

"லினக்ஸ் எங்கே கண்ணு கத்துக்கிட்டே?" என்று கேட்டேன். 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது இவள் பிளஸ் டூ. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. "எல்லாரும் விண்டோஸ் பக்கமே போனாங்க. இன்னொன்னு சும்மா கிடக்குதேன்னு அதையும் திறந்து பாத்தனுங்க டீச்சர்" என்றாள்.

புரோ உரிமம் வாங்கினால் விண்டோஸிலேயே ரெண்டும் தெரியும் என்றாள். காசு செலவழிக்க வேண்டாமென்று லினக்ஸையே போடச் சொன்னேன். 24 பேரும் சேர்ந்து இழுக்க, கேசட் மளமளவென்று சுருங்க ஆரம்பித்தது. சரியாகப் போகிறதா என்று பார்க்க, முடிந்த பகுதியை ஓட்டினோம்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

மேடையில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நாமக்கல் கவிஞர் பாட்டைச் சொல்கிறார்கள். நம் மோகனூரில் பிறந்தவர் பாட்டு இல்லாமல் நம் பள்ளியில் விழா ஏது? இவள் அண்ணன் நடுவில் நிற்கிறான். ரெண்டாம் அடியில் மறந்து விழிக்கிறான். கேமரா சற்று நகர்கிறது. மேடைக்குக் கீழே, இடது ஓரத்தில், அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு நாலு வயதுப் பெண் குழந்தை. அவள் வாய் அசைகிறது. அண்ணன் மறந்த அடியையும் அதற்கடுத்த அடிகளையும் கடைசி வரை சொல்கிறாள். யாரும் பார்க்கவில்லை. பக்கத்திலேயே பட்டுப்புடவையில் நிற்கும் நானும் பார்க்கவில்லை.

அப்பா அம்மா கரும்பு வெட்டவும் கோரை அறுக்கவும் போய்விடுவார்கள். தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் அண்ணன் அவளை வகுப்புக்குக் கூட்டி வருவான். ரெண்டு வருடம் என் வகுப்பில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயது ஐந்து ஆகவில்லை, பதிவேட்டில் பெயர் இல்லை. அதனால் வருகை எடுக்கும்போது கூப்பிட்டதில்லை, கேள்வி கேட்டதில்லை. சத்துணவும் பதிவேட்டுக் கணக்குப்படிதான். முட்டை போடும் நாளில் அண்ணன் தன் முட்டையைப் பாதியாகப் பிட்டு அவளுக்குக் கொடுப்பான். அதைப் பார்த்து "நல்ல அண்ணன்" என்று பாராட்டியிருக்கிறேனே தவிர, சமையலம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

2000 ஜூனில் அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். நான் அ, ஆ எழுதினால் அவள் பாடப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பாள். மற்ற பிள்ளைகள் யோசிக்கும் முன் பதில் சொல்லிவிடுவாள். ரெண்டு வருடம் கேட்ட பாடம் அல்லவா! எனக்கு அது தோன்றவே இல்லை. "முந்திரிக்கொட்டை" என்று பெயர் வைத்து, சுவரோரம் தனியாக உட்கார வைத்தேன். கொஞ்ச நாளில் அமைதியாகிவிட்டாள். திருந்திவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்க அப்படிக் கூப்பிட்டதுக்கு அப்புறம் அஞ்சாவது வரைக்கும் நான் கையே தூக்கலைங்க டீச்சர்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பயாஸில் என்ன தெரிந்தது என்று சொன்னாளே, அதே குரலில்தான் சொன்னாள்.

"மன்னிச்சுக்கோ சாமி" என்றேன். அவள் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஒரு பாட்டை மட்டும் தனியா வெட்டித் தாங்க டீச்சர். எம் பொண்ணுக்குக் காட்டோணும்" என்றாள். பிறகு பில் எழுதினாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்காகப் பணம் வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு அது பிடித்திருந்தது.

அன்று முழுக்க நான் கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது தனக்குக் கொடுத்த விதிப்படி ஒன்று வரை எண்ணியது. அதற்குக் கண் கிடையாது. எனக்குக் கண் இருந்தது.

உங்களில் பல பேர் இன்று ஆசிரியர்கள். கையில் இப்போது பதிவேட்டுக்குப் பதில் கைபேசிச் செயலி. வருகை போட்டு முடித்த பிறகு ஒருமுறை தலையைத் தூக்கி வகுப்பைப் பாருங்கள். யாருடைய வாயாவது அசைகிறதா என்று பாருங்கள்.

இனி, கம்ப்யூட்டர் சிக்கலோடு இதைப் படிப்பவர்களுக்கு: ரெண்டாவது பிராசசர் தெரியவில்லை என்றால் முதலில் பயாஸில் பாருங்கள். அங்கேயே இல்லை என்றால் இருக்கை, மின் இணைப்பு, பயாஸ் அமைப்பு இவற்றில்தான் கோளாறு. விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அங்கே இருந்தால் எம்எஸ்கான்ஃபிக் கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். அடுத்து உங்கள் விண்டோஸ் ஹோமா, புரோவா என்று பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பென் டிரைவில் லினக்ஸை ஓட்டிப் பாருங்கள், உண்மை தெரிந்துவிடும். புது பிராசசரை விலைக்கு வாங்குவதெல்லாம் அதற்கப்புறம்.

மூன்று கேசட்டும் தயார். இன்று மாலை நம் குழுவில் போடுகிறேன். ரெண்டாவது கேசட்டில் கவிஞர் பாட்டு வரும்போது மேடையைப் பார்க்காதீர்கள். இடது ஓரம், கீழே பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மோகனூர்