பேனரைக் கொஞ்சம் தூக்குங்க

ரோட்டரி ஹால் பூட்டியிருக்கிறது. வாசல் பலகையில் சாக்பீஸ் எழுத்து: ‘26.3.2020 வியாழன் இரவு 7.30. சொற்பொழிவு: கவலையில்லா வாழ்க்கை. விருந்து உண்டு.’ கொரோனாவுக்காக நாடு 25ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டது. அழிக்க யாரும் வரவில்லை. ஏப்ரல் பாதியிலும் விருந்து உண்டு.

ஊர் திருநெல்வேலிக்குப் பக்கம். கல்யாணம் நடக்காத கல்யாண மண்டபம். மணமேடையில் அரிசி மூட்டைகள். ரோட்டரி சங்கத்தின் முன்னாள் தலைவர், மளிகைக் கடை அண்ணாச்சி, பை கட்டுகிறார். அரிசி ஐந்து கிலோ, துவரம் பருப்பு ஒரு கிலோ, எண்ணெய், புளி, வத்தல், இரண்டு சோப்பு. பையின் வாயைச் சுருக்குகிறார். சணலை இரண்டு சுற்று சுற்றுகிறார். பல்லால் கடிக்கப் போகிறார். மாஸ்க் தடுக்கிறது. ஒவ்வொரு பைக்கும் இதே. கத்தரிக்கோல் பக்கத்திலேயே கிடக்கிறது.

ஆடிட்டர் எண்ணுகிறார். பைகள் சரி. சோப்பு ஒன்று கூடுதல். முதலிலிருந்து எண்ணுகிறார்.

பள்ளிக்கூட மைதானம். மீட்டருக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம். வட்டங்களில் ஆட்கள் இல்லை. ஒயர் கூடை, ஒற்றைச் செருப்பு, செங்கல், மேலே கல் வைத்த துண்டு. ஆட்கள் வேப்பமரத்தடியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள்.

தாசில்தார் வர வேண்டும். அமைப்புகள் நேரடியாகக் கொடுக்கக் கூடாது, அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று ஏப்ரல் 12ஆம் தேதி அரசு சொல்கிறது. அந்த வாரமே உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. நிபந்தனைகளின் நகல் செயலாளரின் சட்டைப் பையில் இருக்கிறது. எடுக்கிறார், படிக்கிறார், மடிக்கிறார். எடுக்கிறார்.

ஜீப் வருகிறது. பேனர் விரிகிறது. அதில் பதினெட்டு முகங்கள். கவர்னர் முகம் பெரிது. ராஜ்பவன் கவர்னர் அல்ல, ரோட்டரி மாவட்டத்துக் கவர்னர். ஒரு முனை கோல் போஸ்ட்டில் கட்டப்படுகிறது. மறு முனை ஹால் வாட்ச்மேன் கையில்.

“பேனரைக் கொஞ்சம் தூக்குங்க.”

வாட்ச்மேன் தூக்குகிறார். அவர் தலை மறைகிறது.

“ஆச்சி, இங்கன பாருங்க.”

ஆச்சியின் கையில் ஒரு பை. பையின் மேல் ஒன்பது கைகள்.

“மாஸ்க்க லேசா இறக்குங்க சார்.”

ஒன்பது மாஸ்க்கும் இறங்குகின்றன. அவர்கள் தலைக்கு நேர் மேலே பேனரின் கடைசி வரி: ‘முகக்கவசம் அணிவோம்.’

படம் முடிந்ததும் ஆச்சியிடமிருந்து பை வாங்கப்படுகிறது. அடுத்தவர் கையில் வைக்கப்படுகிறது. ஆச்சிக்கு உரிய பை லோடு ஆட்டோவில் இருக்கிறது. சாயங்காலத்துக்குள் எல்லாப் பையும் தீருகிறது. படத்துக்கு நின்ற பை கடைசி ஆளுக்கு. அதன் சணல் அவிழ்ந்திருக்கிறது.

மறுநாள் பேப்பரில் படம். ஒன்பது பேர், ஆச்சி, பேனர். இடது ஓரத்தில் நான்கு விரல்கள்.

மே. பஸ் ஸ்டாண்டில் பஸ் இல்லை, காய்கறிக் கடைகள். நடுவில் எவர்சில்வர் டிரம். கபசுரக் குடிநீர், பதினைந்து மூலிகை. குடித்தவர் முகத்தைப் பார்த்துவிட்டு வரிசையில் பின்னால் நிற்கும் பையன் கேட்கிறான்: “சீனி உண்டா?”

ஜூலை 1. உலகெங்கும் ரோட்டரித் தலைவர்கள் மாறும் நாள். இந்த வருஷம் ஜூமில். கூட்டத்தைத் தொடங்கிவைக்கும் மணி, பழைய தலைவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். அடிக்கிறார். அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கிறது. எதைக் கேட்டுக் கூட்டம் தொடங்கியது என்று குறிப்பேட்டில் இல்லை.

தலைவர் கழுத்தில் போடும் காலர் ஒன்றே ஒன்று. வாட்ச்மேன் அதைக் காலையிலேயே டி.வி.எஸ். எக்ஸெல்லில் கொண்டுபோய்ப் புதுத் தலைவர் வீட்டில் கொடுத்துவிட்டார். இரவு, பழைய தலைவர் வெறுங்கையைக் கேமராவை நோக்கி நீட்டுகிறார். புதுத் தலைவர் மேஜைக்கு அடியிலிருந்து காலரை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். கைதட்டல். பாதிப் பேர் சத்தமில்லாமல் தட்டுகிறார்கள்.

“அண்ணாச்சி, மியூட்ல இருக்கிய.”

அண்ணாச்சியின் உதடுகள் அசைகின்றன.

“அண்ணாச்சி, மியூட்டு.”

பேரனின் கை திரைக்குள் நுழைகிறது. “...என்று கூறி விடைபெறுகிறேன்” என்று குரல் கேட்கிறது.

காசு கட்டாத ஜூம். நாற்பதாவது நிமிடம் திரை அணைகிறது. நன்றியுரை பாதியில்.

மாதத்தின் மூன்றாவது ஞாயிறு. வழக்கமாகக் கண் முகாம். ஆஸ்பத்திரி வேன் வரும். புரை முற்றியவர்களை ஏற்றிப்போய், ஆபரேஷன் முடித்து, பச்சைத் துணி கட்டித் திரும்பக் கொண்டுவந்து விடும். இப்போது ஹால் கதவில் ஒரு தாள். வெள்ளை வேட்டிப் பெரியவர் ஒருவர் தாளுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோகிறார். விலகுகிறார். மறுபடி கொண்டுபோகிறார். எதிரே பூக்கட்டும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இப்பம் கெடையாதாம், தாத்தா.”

“அடுத்த மாசம்?”

“அது எழுதல.”

அடுத்த மாதமும் வருகிறார்.

2021 மே. கொரோனா இரண்டாம் அலை. சங்கத்தின் வாட்ஸ்அப் குழு. இரண்டு மாதம் முன்புவரை ரோஜாப்பூ, காலை வணக்கம், திருமண நாள் வாழ்த்து. இப்போது: ‘ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பெட் உண்டா?’ ‘வயசு 59. 86.’ இரண்டாவது எண் என்னவென்று யாரும் கேட்பதில்லை.

ஹாலில் நாற்காலிகள் சுவரோரம் போகின்றன. நடுவில் ஐந்து ஆக்சிஜன் செறிவூட்டிகள். மெஷின் என்றால் போதும், எல்லாருக்கும் தெரிகிறது. காற்றிலிருந்து நைட்ரஜனை வடித்துவிட்டு ஆக்சிஜனைத் தரும். சிலிண்டர் வேண்டாம். கரண்ட் போனால் நின்றுவிடும்.

வாட்ச்மேன் ஒன்றை எக்ஸெல்லின் முன்பக்கம் வைத்துக் கயிற்றால் கட்டுகிறார். சுமார் 15 கிலோ. 24ஆம் தேதியிலிருந்து தளர்வில்லா ஊரடங்கு. மளிகைக் கடையும் கிடையாது. முக்கில் போலீஸ் தடுப்பு.

“என்னதுவே அது?”

“ஆக்சிஜன்.”

தடுப்பு நகர்கிறது.

வீட்டு வாசலில் நின்றபடியே விளக்குகிறார். “பாட்டில்ல டிஸ்டில்டு வாட்டர், இந்தக் கோடு வரைக்கும். கொமிழி வரணும். இந்தக் குண்டு ரெண்டுல நிக்கட்டும், டாக்டர் சொன்னா மட்டும் ஏத்துங்க.” அடுத்த வீட்டிலும் இதே. அதற்கடுத்த வீட்டிலும் இதே வார்த்தைகள், இதே வரிசை. உள்ளே யாரோ இருமுகிறார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் தலையாட்டுகிறார். குண்டு எது என்று மறுபடி கேட்கிறார்.

செயலாளர் போனில் ஒரு படம் கேட்கிறார். வீட்டுப் பையன் கையை ஆட்டுகிறான். “படம் வேண்டாம்ணே. தெருவுக்குத் தெரிஞ்சா பால்காரரும் வர மாட்டாரு.” அடுத்த வீட்டிலும் வேண்டாம் என்கிறார்கள். செயலாளர் பிறகு கேட்பதில்லை. பேனர் ஹால் மூலையில் சுருட்டிக் கிடக்கிறது.

நீளவாக்கில் ஒரு நோட்டு. பெயர், தெரு, போன், கொடுத்த நாள், திரும்பிய நாள். காரணத்துக்குக் கட்டம் இல்லை. சில மெஷின்கள் பத்து நாளில் வருகின்றன. சில மறுநாளே வருகின்றன. மறுநாளே வருவதை வாட்ச்மேன் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிறார். துடைக்கும்போது யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

ஒரு மெஷின் மளிகைக் கடை அண்ணாச்சி வீட்டுக்குப் போகிறது. இரண்டு வியாழன் ஜூம் கூட்டத்தில் அவர் இல்லை. மூன்றாவது வியாழன் கட்டத்தில் முகம் தெரிகிறது. மூக்கில் குழாய் இல்லை. உதடுகள் அசைகின்றன, மியூட்டில். யாரும் குறுக்கிடவில்லை.

ஜூலை. புதுத் தலைவர், புதுப் பேனர். திரும்பிவந்த மெஷின்களை வரிசையாக வைத்து ஒரு படம்.

“பேனரைக் கொஞ்சம் தூக்குங்க.”

வியாழன் கூட்டம். ஜூமுக்கு இன்னும் காசு கட்டவில்லை. பேனர் செலவு ஏற்கப்படுகிறது. மெஷின் சர்வீஸ் செலவு ஏற்கப்படுகிறது. நன்கொடையாளர்களுக்குப் பாராட்டு, ஒவ்வொருவராகப் பேசுகிறார்கள். ஐந்தாவது பொருளில் நாற்பது நிமிடம் முடிகிறது. ஆறாவது, வாட்ச்மேன் சம்பளத்தை மாதம் 500 ரூபாய் உயர்த்துவது. அடுத்த கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும் என்று செயலாளர் குறிப்பேட்டில் எழுதுகிறார்.