பாரிஸ் காசும் புதுச்சேரிப் பிரதிநிதியும்

இலங்கை மலையகத்து ஹட்டன் ஈரத்தில் செம்புக்காசைக் காப்பாற்றுவது பெரும்பாடு. மழை பிடித்தால் பச்சைக் களிம்பு ஏறிவிடும். நான் சேர்க்கும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக் காசுகளைத் தனித்தனியாகச் சுற்றி, இறுக்கமான டப்பாவில் வைத்திருக்கிறேன். தேவாலய மணிகளை உருக்கி, பதினாறாம் லூயியின் முகத்தோடு அடித்த காசும் அதில் உண்டு. ஆனால் என்னை உட்காரவிடாமல் தேட வைத்தது 1792ஆம் ஆண்டின் ஐந்து சோல் காசுதான்.

கண்டியில் வாங்கினேன். கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் அகலம், நல்ல கனம். ஒரு பக்கத்தில் படைவீரர்கள் கை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். 1790 ஜூலை 14 புரட்சி விழாக் காட்சி. மேலே, 'சுதந்திரமாக வாழ்வோம், இல்லையேல் சாவோம்' என்று பிரெஞ்சில் வாசகம். திருப்பினால் வியாபாரக் கணக்கு: 50 லீவரும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள அசின்யா என்ற புரட்சி அரசின் பணத்தாள்களாக மாற்றித் தரப்படுமாம். ஒரு லீவருக்கு 20 சோல். அப்படியானால் இப்படிப்பட்ட 200 காசு, ஐந்தரை கிலோவுக்குமேல் செம்பு, சுமந்து போனால்தான் ஒரு தாள் கிடைக்கும். கூலிக்காரன் எங்கே போவான்?

அந்தப் பக்கத்தில் அரசன் பெயர் இல்லை. 'மொன்னெரோன் சகோதரர்கள், பாரிஸ் வணிகர்கள்' என்றிருக்கிறது. நாணயம் அடிக்க வணிகர்களுக்கு என்ன உரிமை? அங்கே தொடங்கியது தேடல். புரட்சி அரசு பெரிய தொகைக்கே தாள் அச்சிட, மக்கள் உலோகக் காசைப் பதுக்க, சந்தையில் சில்லறை வற்றிப்போனது. அந்த இடைவெளியில் 1791இல் மொன்னெரோன்கள் நுழைந்தார்கள். பர்மிங்காம் அருகே மத்தேயு போல்டனின் சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில் அடித்து வரவழைத்தார்கள். சென்னை மாகாணத்துக்கு 1803இல் வந்த 20 காசு நாணயமும் அதே ஆலையில் அடித்ததுதான்.

சகோதரர்களைத் தேடியபோது மலைத்துப்போனேன். பொல் மொன்னெரோன், லா பெரூஸ் என்ற மாலுமியின் கடற்பயணத்தில் பொறியாளராகப் போய்த் திரும்பாதவர். பியேர் அந்துவான், மொரிஷியஸுக்கான பிரதிநிதி. லூயி மொன்னெரோனோ புதுச்சேரியில் வாழ்ந்து, பாரிஸ் தேசிய சபையில் பிரெஞ்சிந்தியாவுக்காக அமர்ந்தவர்! எங்கள் மூதாதையர் கப்பலேறிய அதே தமிழ்க்கரையின் வாணிபத்தோடு உறவுள்ள பெயர், பாரிஸ் கடைத்தெருவில் புழங்கியிருக்கிறது.

1792இலேயே மொன்னெரோன்களின் கம்பெனி நொடித்தது. அதே ஆண்டில் தனியார் காசுக்குச் சட்டம் தடை போட்டது. வாக்குப் பொய்த்தாலும் வைத்திருந்தவன் கையில் செம்பாவது மிஞ்சியது. எங்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர் பேரில் எழுதப்பட்ட 'துண்டு' அப்படியல்ல. இன்ன கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் தாள் அது. ஆளின் உழைப்பே அதற்கு ஈடு. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

இந்தக் காசுக்குப் பக்கத்தில் ஓர் அசல் துண்டை வைக்க வேண்டும் என்பது இப்போது என் தீராத ஆசை. பழைய லயத்து வீடுகளில், தொழிலாளரைத் திரட்டிவந்த கங்காணிகளின் பரம்பரையினர் பெட்டிகளில் விசாரித்து வருகிறேன். யாரிடமாவது இருந்தால் விற்க வேண்டாம், ஒருமுறை கண்ணில் காட்டினால் போதும்.